சாமை காய்ந்த சாலை

நாம் நேசிக்கும் ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ள எதுவும் செய்யாமல் இருந்தாலே போதும் என்ற நிலை வந்தால், அப்படி இருந்துவிடுவதற்கு நமக்கு உரிமை உண்டா?

ஜமுனாமரத்தூரில் ஒரு டீக்கடை வாசலில், கையில் பாதி தின்ற வடையோடு நின்றிருந்தபோது இந்தக் கேள்வி என்னிடம் வந்தது. மழை ஓய்ந்து பனி தொடங்கியிருந்த நாட்கள். மலைமேல் வெயில் வந்த பிறகும் கைவிரல் நுனிகளில் குளிர் மிச்சமிருந்தது. நானும் என் நாத்தனார் ஸ்டெல்லாவும் மிதிவண்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அன்று எந்தக் காட்டுவழியில் போவது என்று பேசிக்கொண்டிருந்தோம்.

கடைக்கு எதிரே ஒரு பேருந்து நின்றது. அதன் ஓட்டுநர் கடைக்காரரிடம் சொன்னது எங்கள் காதில் விழுந்தது.

"ஏரி ரூட்டு பாத்துட்டு வரச் சொல்லி அனுப்பிக்கிறாங்க. ரோடு கிளியரா இருந்தா திங்கள்லேர்ந்து சர்வீஸ். எங்கனா அடைப்பு இருந்துச்சு, வண்டிய திருப்பிக்கினு வந்துகினே இருப்பேன். ஓடாதுன்னு எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சிது. அங்க போய் நைட் ஹால்ட் எவன் படுக்கறது? கொசு ஆளையே தூக்கினு பூடும்."

ஸ்டெல்லா டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

"திங்கக்கிழமைதான வரும்னு சொன்னாங்க, அண்ணே?"

"அது ஜனங்களுக்கும்மா. எங்களுக்கு இன்னிக்கு. டிபன் துன்னுட்டு எடுக்க வேண்டிதான்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏரிச் சாலை அப்போது எந்தக் கோலத்தில் இருக்கிறது என்பது, அந்தக் கடை வாசலில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

கல் வைத்துப் பிரித்த சாலை

முந்தின நாள் பிற்பகலில்தான் அந்தச் சாலை வழியாக வந்திருந்தோம். ஊரின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறேன். ஏன் என்பது கடைசியில் விளங்கும். மலைகளுக்கு நடுவே ஓர் ஏரி. அதன் ஒரு கரையில் நாற்பது ஐம்பது வீடுகள். ஏரியை வளைத்துக்கொண்டு போகும் தார்ச்சாலையின் ஒரு பக்கம் நீர், மறுபக்கம் காடு. முன்பு அதில் பேருந்து ஓடியது. ஒரு பெருமழையில் சிறுபாலம் அடித்துக்கொண்டு போனது, பேருந்தும் நின்றது. பாலத்தைத் திரும்பக் கட்டினார்கள். பேருந்து மட்டும் திரும்பவில்லை.

எங்களைப் போன்ற மிதிவண்டிக்காரர்களுக்கு அது சொர்க்கமாகிப் போனது. எப்போதாவது ஒரு டூவீலர் வரும். மற்றபடி, சக்கரம் தாரில் உரசும் மெல்லிய ஓசையும், முக்குளிப்பான் பறவை நீருக்குள் மூழ்கும் ஓசையும்தான். கடுக்காய் மரத்திலிருந்து காய் விழுந்தால்கூடத் திரும்பிப் பார்ப்போம். இப்படி ஒரு நிசப்தத்துக்காகத்தான் நாங்கள் வருடத்தில் பல முறை மலையேறினோம்.

ஊரார் அந்த வெறுமையை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். மலையில் சமதரை அரிது. சாமை அறுவடை முடிந்ததும் கட்டுகளைக் காயப்போடவும் அடிக்கவும் சாலையே களமானது. முதல் வருடம் ஒருவர் பரப்பினார். மறு வருடம் எல்லோரும். பிறகு யார் இடம் எதுவரை என்று தகராறு வந்து, சாலையோரம் கல் நட்டுப் பிரித்துக்கொண்டார்கள். நாங்கள் முந்தின நாள் வந்தபோது, ஊருக்குள் நுழையும் வளைவிலிருந்து அங்கிருந்த ஒரே டீக்கடை தாண்டும்வரை சாலை முழுக்கப் பழுப்புச் சாமைத் தாள் விரிந்து கிடந்தது. ஒரு சக்கரம் போகும் இடைவெளி மட்டும் விட்டிருந்தார்கள்.

அந்த டீக்கடை மல்லிகாவுடையது. அவளை எங்களுக்குச் சில வருடங்களாகத் தெரியும். கணவர் திருப்பூர்ப் பக்கம் கட்டட வேலைக்குப் போயிருந்தார். ஒரே மகள் தேவி, ஜமுனாமரத்தூரில் படிக்கிறாள். பேருந்து இருந்தவரை வீட்டிலிருந்து போய்வந்தாள். நின்ற பிறகு விடுதியில் சேர்த்துவிட்டார்கள்.

"ஹாஸ்டல்ல கொற ஒண்ணும் இல்லக்கா. சோறு நல்லாதான் போடறாங்க," என்றாள் மல்லிகா எங்களிடம், அடுப்பை ஊதிக்கொண்டே. "எனக்குத்தான் ராத்திரில சோறு எறங்கல. ஒருத்திக்கு இன்னாத்த சமைக்கறது? காலைல ஆக்கனதயே ராத்திரிக்கும் வச்சுக்குவேன். திங்கக்கிழம பஸ்ஸு வந்துச்சுன்னா, சாயங்காலம் எறங்கிடுவா. கருவாடு வாங்கி வச்சிக்கிறேன்."

சாலையில் கிடந்த சாமையை ஞாயிற்றுக்கிழமை அள்ளிவிடுவதாக ஊரில் பேசி முடித்திருந்தார்கள். கெடுவுக்கு முன்னால் எதையும் முடிக்கும் வழக்கம் அந்த ஊருக்கு இல்லை. காய்வதற்கு இன்னும் ஒரு வெயில் கிடைக்குமென்றால் அதை ஏன் விட வேண்டும்?

என் நாத்தனார்

இந்த இடத்தில் ஸ்டெல்லாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கதைக்கு அவசியம் என்பதைவிட, அவளைப் பற்றி எழுத எனக்கு ஆசை என்பதே உண்மைக்கு நெருக்கம்.

கணியம்பாடிக்கு அருகே ஒரு சிற்றூரில் பிறந்தவள். வேலூரில் செவிலியர். என் கணவருக்கு மூத்தவள். மதம் கடந்த எங்கள் திருமணத்தை வீட்டில் எல்லோரும் ஏற்றுக்கொண்ட பிறகும், இவள் மட்டும் முதல் வருடம் என்னிடம் அளந்துதான் பேசினாள். நானும் முதுகலையில் சமூகப்பணி படித்த மிடுக்கோடு, ஒவ்வொரு சொல்லின் விளைவையும் யோசித்துப் பேசுகிறவள். எங்கள் உரையாடல்கள் இரண்டு அலுவலகங்களுக்கு இடையிலான கடிதப் போக்குவரத்துப்போல நடந்தன.

ஒருநாள் இரவுப்பணி முடித்து விடியலில் மிதிவண்டியில் வந்தவள், வாசலில் நின்ற என்னைக் கேட்டாள்.

"உனுக்கு சைக்கிள் வருமா?"

"வரும் அண்ணி. ஆனா ஓட்டி ரொம்ப நாள் ஆச்சு."

"ஆச்சுன்னா இன்னா? ஏறு. ரோட்ல ஒருத்தன் இல்ல."

அப்படித் தொடங்கியது. முதலில் அமிர்தி வரை. பிறகு மலை. ஏற்றத்தில் பேச மூச்சு இருக்காது. இறக்கத்தில் காற்று பேச விடாது. இடையில் கிடைக்கும் சமதளங்களில் மட்டும் பேசினோம். அதனால்தானோ என்னவோ, அவசியமானதை மட்டும் பேசினோம். என் கருச்சிதைவைப் பற்றியும், அவள் திருமணம் செய்துகொள்ளாததைப் பற்றியும் முதன்முதலாகப் பேசியது அந்த ஏரிக்கரையில்தான். சுற்றிலும் ஒரு சத்தமும் இல்லாததால், அவள் மெதுவாகச் சொன்னதும் எனக்குக் கேட்டது. அந்தச் சாலையின் அமைதியிடம் நான் எத்தகைய கடன் பட்டிருந்தேன் என்பதை வாசகர் புரிந்துகொள்வதற்காகவே இதைச் சொல்கிறேன்.

என் கணவர் ஒருமுறை, "நானும் பைக்ல பின்னாலயே வர்றேன்," என்றார். ஸ்டெல்லா திரும்பிக்கூடப் பார்க்காமல், "நீ வூட்ல இருந்து துணி காய வை," என்றாள். அவர் இன்றுவரை காய வைத்துக்கொண்டிருக்கிறார்.

சும்மா நின்ற ஒரு கணம்

ஜமுனாமரத்தூர் டீக்கடை வாசலுக்குத் திரும்புகிறேன்.

ஓட்டுநரிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால் அவர் புறப்படவே மாட்டார். சாலையில் அடைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு இன்னொரு டீ குடிப்பார். ஊருக்குத் தொலைபேசியில் சொல்லலாம் என்றால், ஏரிக்கரையில் சிக்னல் கிடையாது. நாங்கள் திட்டமிட்டபடி எதிர்த்திசையில் காட்டுவழியே போய்விட்டால், பேருந்து போகும், சாமையைப் பார்க்கும், திரும்பும். சாலை எங்களுடையதாகவே இருக்கும். யாரும் எங்களைக் குறை சொல்ல முடியாது; நாங்கள்தான் ஒன்றும் செய்யவில்லையே.

இதையெல்லாம் நான் வரிசையாக எண்ணிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா ஏற்கனவே வண்டியில் ஏறிவிட்டிருந்தாள்.

"இன்னா நின்னுகினு கீற? வட துன்னது போதும். மிதி."

"அண்ணி, பஸ் வந்துட்டா அந்த ரோடு..."

"தெரியும். மிதின்னு சொன்னேன்."

வடையைக் காகிதத்தோடு சட்டைப் பையில் திணித்துக்கொண்டு ஏறினேன்.

அத்தனை வருடப் பயணங்களில் அப்படி ஒரு காலை எங்களுக்கு வாய்த்ததில்லை. பனி மரங்களின் இடுப்பளவு நின்றது. வேங்கை மரங்களுக்கு நடுவே வெயில் சாய்ந்து விழுந்தது. ஈரமான இலைமக்கின் மணமும், எங்கோ மூட்டம் போட்ட புகையின் மணமும் மாறி மாறி வந்தன. செம்போத்து ஒன்று சாலையின் நடுவே நடந்து, எங்களுக்கு வழிவிட மனமில்லாமல் விட்டது. நின்று பார்க்க வேண்டிய காலை. அதை நாங்கள் தலை குனிந்து, பல் கடித்து, சங்கிலியின் ஓசையை மட்டும் கேட்டபடி கடந்தோம். மேட்டின் உச்சியில் ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன். கீழே எங்கோ ஒரு ஹாரன் ஒலித்தது.

அந்த மேட்டிலிருந்து தார்ச்சாலை ஏரியை முழுச் சுற்று சுற்றித்தான் ஊருக்குள் நுழைகிறது. கரையின் மேலே ஒற்றையடிப் பாதை உண்டு. மிதிவண்டி போகும், பேருந்து போகாது. எங்களுக்கு இருந்த ஒரே சாதகம் அதுதான். புல்லில் பனி வழுக்கியது. ஓரிடத்தில் என் முன்சக்கரம் நீரின் பக்கம் திரும்பிவிட்டது. ஸ்டெல்லா பின்னாலிருந்து, "தண்ணிய பாக்காத, பாதைய பாரு," என்று மட்டும் சொன்னாள். அறுவைக்கூடத்திலும் அவள் குரல் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

விரிப்போடு தூக்குவது

செய்தியைச் சொன்னதும் மல்லிகா அடுப்பில் இருந்த பாலை இறக்காமலே ஓடிவந்தாள். ஊர் திரண்டது. ஆனால் பழுத்த சாமையை அவசரத்தில் இழுக்க முடியாது. இழுத்தால் மணி உதிர்ந்து தாரில் போய்விடும். ஒரு வருட உழைப்பு அது.

ஸ்டெல்லா எங்கள் மழைக் கோட்டுகளை விரித்தாள். "பொடவ, போர்வ, எது இருந்தாலும் எடுத்துக்கினு வாங்க," என்றாள். நோயாளியை ஒரு கட்டிலிலிருந்து மறு கட்டிலுக்கு விரிப்போடு தூக்கி மாற்றுவார்களே, அதே முறை. ஒரு பக்கமாகத் தாளை உருட்டி, அடியில் துணியைச் செருகி, நான்கு மூலையைப் பிடித்து, சொன்னவுடன் ஒன்றாகத் தூக்க வேண்டும்.

"மெதுவா. ஒண்ணா தூக்கணும். யாரும் முந்தாதீங்க."

"நர்சம்மா, இது உசிரோட தான் கீது, பயப்படாத," என்றார் ஒருவர். சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். பத்துப் பதினைந்து பேர் கைவைக்க, வளைவிலிருந்து சாலை கறுப்பாகத் தெரியத் தொடங்கியது.

கோவிந்தன் என்பவரின் பங்கு மட்டும் கிடந்தது. அறுபதை நெருங்கியவர். தாமதமாக அறுத்ததால் அவருடைய கட்டுகளில் இன்னும் ஈரம் இருந்தது. அவர் அதன் நடுவே குந்திக்கொண்டார்.

"மாமா, எழுந்திரு," என்றாள் மல்லிகா.

"எதுக்கு? திங்கக்கிழமன்னு சொன்னாங்க. திங்கக்கிழம காலைல அள்றேன்."

"இன்னிக்கு வருதாம் மாமா. இந்தக்கா பாத்துட்டு வந்து சொல்றாங்க."

"வரட்டும். எனுக்கு யாரு ஹாஸ்டல்ல கீறாங்க? உங்களுக்கெல்லாம் வூட்டு முன்னால வாசல் கீது, அள்ளிக்கினு போய் போட்டீங்க. என் வூட்டு முன்னால பாற. இத மடிச்சு வச்சா நாளைக்கே பூஞ்சக் காளான். அப்புறம் வருசம் பூரா நான் இன்னா துன்றது, பஸ் டிக்கெட்டா?"

அவர் சொன்னதில் பிழை காண என்னால் முடியவில்லை. பேருந்து ஊருக்கு நல்லது என்பது உண்மை. அந்த நல்லதின் சுமை ஒரே ஒருவர் தலையில் இறங்கப் போகிறது என்பதும் உண்மை. இரண்டையும் ஒரே தராசில் வைக்க நான் படித்த படிப்பில் வழி இருந்ததாக நினைவில்லை.

ஏரியின் மறுகரையில் பேருந்தின் நிறம் மரங்களுக்கிடையே தெரிந்து மறைந்தது.

மல்லிகா தன் கடையைத் திரும்பிப் பார்த்தாள். முன்னால் சிமென்ட் பூசிய தரை, மேலே தகரக் கூரை, இரண்டு பெஞ்சுகள்.

"என் கட வாசல்ல போடு மாமா. மேல கூரை கீது, பனி விழாது. பகல்ல வெயிலு சாஞ்சு உள்ள வரும்."

"கட?"

"மூடிக்கறேன்."

"எம்மா நாளு?"

"காயற வரைக்கும்."

கோவிந்தன் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் பொண்ணு நல்லா படிக்குதா?"

"கணக்குல மட்டும் கொஞ்சம் டல்லு."

"வூட்டுக்கு வந்துட்டா கணக்கு வந்துடுமா?"

"கணக்கு வராது மாமா. அவ வருவா."

அவர் முழங்காலில் கைவைத்து எழுந்தார். "போர்வய கொண்டாங்கடா," என்றார். "உதிர்ந்துச்சுன்னா ஒவ்வொரு மணியா பொறுக்க வைப்பேன், சொல்லிட்டேன்."

பதர் என்றொரு சொல்

பாதி தூக்குவதற்குள் பேருந்து வந்து நின்றது. ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"இன்னாய்யா இது, ரோடா களமா? போன வருசம் கீழ கொள்ளுச்செடி வீல்ல சுத்தி பொகையே வந்துடுச்சு. இதுல நான் வண்டி வுட மாட்டேன். ரிவர்ஸ்."

"ரிவர்ஸ் எடுங்க அண்ணே," என்றாள் ஸ்டெல்லா, கையிலிருந்த துணி மூலையை விடாமலே. "ஆனா பின்னால ஏரி கீது. வண்டி திரும்பற எடம் கோயிலாண்ட தான். அதுக்கு இப்படித்தான் போணும்."

ஓட்டுநர் பின்னால் பார்த்தார். நீரைப் பார்த்தார். பிறகு எங்களையும் மிதிவண்டிகளையும் பார்த்தார். காலையில் டீக்கடையில் கண்ட முகங்கள் என்பது அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். இறங்கி வந்து, கீழே கிடந்த ஒரு கதிரை எடுத்து உள்ளங்கையில் கசக்கி ஊதினார்.

"பதரு நெறைய," என்றார்.

கோவிந்தன் போர்வையை அப்படியே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "இன்னாது? என் சாமைல பதரா?"

"நானும் வெள்ளாம வூட்டு ஆளுதான். ஒடுகத்தூர்ல எங்களுக்கு நெலம் கீது. எனக்குத் தெரியாதா?"

"ஒடுகத்தூர்ல நெல்லு போடுவ, மல்லாட்ட போடுவ. சாமைக்கு உனுக்கு இன்னா தெரியும்? ஈரத்துல கசக்கனா அப்படித்தான் பறக்கும். காஞ்ச கட்டுலேர்ந்து எடு. எடுத்து ஊது பாக்கலாம்."

ஓட்டுநர் காய்ந்த கதிர் தேடிப் போனார். கோவிந்தன் பின்னாலேயே போனார். இரண்டு பேரும் கசக்கி, ஊதி, உள்ளங்கையை ஒருவருக்கொருவர் நீட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், மல்லிகாவும் ஸ்டெல்லாவும் நானும் மற்றவர்களும் மிச்சக் கட்டுகளை விரிப்போடு தூக்கிக் கடை வாசலில் சேர்த்தோம். நடத்துநர்கூட ஒரு மூலையைப் பிடித்தார். கடைசியில் விளக்குமாற்றால் சாலையைக் கூட்டினார்கள்.

பேருந்து மெதுவாக நகர்ந்தது. கோயிலடியில் திரும்பி வந்து கடை முன்னால் நின்றது. வாசல் முழுக்கச் சாமை கிடந்ததால் மல்லிகா டீயை ஜன்னல் வழியாகவே நீட்டினாள்.

"ரோடு ஓகேன்னு எழுதிடறேன்," என்றார் ஓட்டுநர். "திங்கக்கிழம சாயங்காலம் வர்றேன். கொசு இல்லாத எடமா பாத்து ஒரு கட்டில் மட்டும் போட்டு வைங்க."

"பதர்னு சொன்ன வாயிக்கு கொசுதான்," என்றார் கோவிந்தன்.

வண்டி போன பிறகு டீசல் புகை ஏரியின் மேல் கொஞ்ச நேரம் நின்றது. மல்லிகா ஒரு கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஸ்டெல்லா என் சட்டைப் பையிலிருந்து நசுங்கிய வடையை எடுத்துப் பிட்டு, எங்கள் இருவருக்கும் கொடுத்துத் தானும் தின்றாள்.

"அண்ணி, உங்களுக்கு வருத்தமா இல்லையா?" என்று கேட்டேன்.

"கீது," என்றாள். "அதுக்குன்னு?"

பிறகு

கோவிந்தனின் சாமை கடை வாசலில் காய்ந்து முடியும்வரை மல்லிகா கடை திறக்கவில்லை. அடுத்த கோடையில் கோயிலுக்குப் பின்னால் இருந்த புறம்போக்கு மேட்டை ஊரார் சமன்செய்து களம் அமைத்தார்கள். எங்கள் மிதிவண்டி நண்பர்கள் சிலரோடு நாங்களும் போய் மண் சுமந்தோம். அதில் முதல் பங்கைக் கோவிந்தனுக்கு ஒதுக்கினார்கள். எல்லைக்கல்லை அவரே நட்டார், கொஞ்சம் தாராளமாகவே.

காலையிலும் மாலையிலும் இப்போது அந்தச் சாலையில் பேருந்து ஓடுகிறது. அதன் பின்னால் கார்களும் வரத் தொடங்கிவிட்டன. முக்குளிப்பான்கள் மறுகரைக்குப் போய்விட்டன. நான் எழுதும் பயணக் கட்டுரைகளில் அந்த ஊரின் பெயரைக் குறிப்பிடுவதை நிறுத்திவிட்டேன். பேருந்து அந்த ஊருக்குத் தேவை, கூட்டம் தேவையில்லை. வண்டி வராத சாலை என்று எதைப் பற்றியாவது எழுத நேர்ந்தால், ஏன் வருவதில்லை என்று அங்கே இருப்பவர்களிடம் முதலில் கேட்கிறேன். நானும் ஸ்டெல்லாவும் மாலைப் பேருந்துக்கு முன்பே ஏரியைக் கடந்துவிடுகிறோம். தேவி வீட்டிலிருந்து பள்ளிக்குப் போய்வருகிறாள். மல்லிகா இரவுக்குத் தனியாகச் சமைக்கிறாள், இரண்டு பேருக்கு.